காரைக்குடியிலிருந்து பினாங்கு: மூன்று இரவு, நான்கு பகல்

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. மூடியில் விலாசம் எழுதி, கீழே 'பினாங்' என்று போட்டிருக்கும். ஐயா (தாத்தா) கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்துப் பெட்டி. இப்போது அதில் ஆத்தா வடகம் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் நாள் கணக்கில் கடல்தான். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தில் பினாங்கு. இருந்தும் நம் பக்கத்து ஆட்கள் மலேசியா என்றதும் இரட்டைக் கோபுரம், பத்துமலை, ஒரு மால் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நான் அப்பச்சியையும் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை என்று பினாங்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். செட்டிநாட்டிலிருந்து போகிறவர் அந்த ஊரைப் பார்க்கும் கண் கொஞ்சம் வேறாக இருக்கும். அதற்கேற்ற திட்டம் இது.

எத்தனை நாள், எப்போது

மூன்று இரவு போதும். இரண்டு இரவு என்றால் பயணக் களைப்பு தீரும்முன் கிளம்ப வேண்டியிருக்கும். நான்கு நாளில் கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி மூன்றையும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி நேரம் பேருந்திலும் விமான நிலையத்திலும் போய்விடும்.

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். மற்ற மாதங்களில் வெயிலும் புழுக்கமும்தான். நமக்கு அது புதிதில்லை. ஆனால் நாள் குறிக்கும்போது மூன்று பண்டிகைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாட்களில் சீனக் கடைகள் பலவும் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் பல பகலில் திறக்காது, ஆனால் மாலை நோன்புச் சந்தை அமர்க்களப்படும். மூன்றாவது தைப்பூசம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தாள் வேலை

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும்முன் விதியைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும்.

விசா இல்லை என்பதால் எதுவுமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒரு படிவம் இருக்கிறது. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். காசு கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதற்குப் பணம் கேட்கும், ஏமாறாதீர்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். வயதானவர்களிடம் அதிகாரி கேட்டால், போனைத் தடவிக்கொண்டிருப்பதைவிடத் தாளை நீட்டுவது சுலபம்.

போகும் வழி

காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத்தான் கிளம்புவேன் என்பவர்கள் முதல் நாளே போய்வந்துவிடுவது நல்லது.

திருச்சி வழியில் கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். ஏர்ஏசியா அங்கே இரண்டாம் முனையம், பாத்திக் ஏர் முதல் முனையம். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான். அப்படித்தான் போடுவேன் என்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

சென்னையிலிருந்து நேரே பினாங்கு போகும் வழியும் உண்டு. இண்டிகோ அதை 2024 டிசம்பரில் தொடங்கியது. காரைக்குடியிலிருந்து இரவு ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து ஒரே தாவு. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகும்போது இதுவே மேல்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்சார விரைவு ரயிலேறி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், அங்கிருந்து படகில் கடலைத் தாண்டி பினாங்குத் தீவின் பழைய ஊரான ஜார்ஜ் டவுனில் இறங்குவது. ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். படகுக் கட்டணம் சொற்பம். 1985-இல் பாலம் திறக்கும்வரை நிலப்பக்கத்திலிருந்து தீவுக்குப் போகப் படகுகள்தான் வழி. பழைய ஊரின் கூரைகள் தண்ணீருக்கு மேலே மெல்ல எழும்பி வருவதை அப்பச்சி நின்றுகொண்டே பார்த்தார். உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை.

தங்கும் இடம்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

முதல் முறை நான் செய்த தப்பு இதுதான். விளம்பரத்தில் 'ஜார்ஜ் டவுன் அருகில்' என்று போட்டிருந்த ஒரு விடுதியை மலிவாகக் கிடைக்கிறதே என்று பதிவு செய்தேன். போய்ப் பார்த்தால் கடற்கரைச் சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கே போனது. மத்தியானம் அறைக்கு வந்து கொஞ்சம் சாய்ந்து எழவும் முடியவில்லை.

பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். சூலியா தெரு, பினாங்கு தெரு, ஆர்மீனியன் தெரு இந்த வட்டாரத்துக்குள் எங்கே இருந்தாலும் எல்லாம் நடக்கும் தூரம். பழைய கடைவீடுகளைச் சீர்செய்து விடுதியாக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நம் செட்டிநாட்டு வீட்டு வளவைச் சுருக்கி வைத்தாற்போல இருக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பலவற்றில் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்து. வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

பணம், போன், பெட்டி

ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். கடையில் "அஞ்சு வெள்ளி" என்றால் திகைக்காதீர்கள். ஒரு வெள்ளி இருபது ரூபாய்க்குச் சற்று மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பழைய ஊரிலுள்ள பணமாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். பல கடைகளில் உட்கார்ந்திருப்பவர் தமிழ் முஸ்லிமாகவே இருப்பார். ஒரு காலத்தில் நம்மவர்கள் பணம் புரட்டிய தெருக்கள் அவை.

சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும். டாக்சி அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே போட்டு வைத்துவிடுங்கள். நகரப் பேருந்தில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள், சரியான காசு வேண்டும். பழைய ஊரைச் சுற்றி இலவசப் பேருந்து ஒன்றும் ஓடுகிறது. செருகிகள் மூன்று செவ்வக முனை கொண்டவை, மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

பெட்டி விஷயத்தில் ஆத்தாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. கைப்பைக்கு ஏழு கிலோதான் என்று சொல்லியும் முறுக்கு, சீப்புச் சீடை, இட்லிப் பொடி, கூடவே எண்ணெய் என்று அடுக்கிவிட்டார். கவுண்டரில் எடை போட்டு, கூடுதல் கட்டணத்தில் ஒரு பட்டுப்புடவை விலை சொன்னார்கள். முறுக்கை அங்கேயே பிரித்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். பலகாரம் கொண்டுபோக வேண்டுமானால் எடையோடு டிக்கெட் போடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டும் கூட இருக்கட்டும். போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமையானது. முன்பின் தெரியாதவர் தரும் பொட்டலத்தைக் கையால் தொடாதீர்கள்.

முதல் நாள் மாலை: பினாங்கு தெரு

மத்தியானம் போய்ச் சேர்ந்தால் படுத்து எழுந்து ஐந்து மணிக்கு வெளியே இறங்குங்கள். முதல் மாலையில் வேறெதுவும் வேண்டாம், பினாங்கு தெருவும் அதைச் சுற்றிய லிட்டில் இந்தியாவும் போதும். பூக்கட்டும் கடை, பாட்டுச் சத்தம், இட்லி வாசம் எல்லாம் ஊரை விட்டு வந்தோமா என்று சந்தேகப்பட வைக்கும். அதில் மயங்கி அங்கேயே நின்றுவிடாமல் கட்டடங்களைப் பாருங்கள்.

இந்தத் தெருவில்தான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கிகள் இருந்தன. ஒரு நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு விலாசத்தின், அதாவது ஒரு தொழில் நிறுவனத்தின், வட்டிக்கடை. பகலில் கணக்கு, இரவில் அதே இடத்தில் பாய். சமையலுக்கு எல்லோருக்குமாக ஓர் ஆள். ஆத்தங்குடிக் கல் பதித்து, பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி ஊரில் அரண்மனை கட்டியவர்கள் அங்கே இருந்தது ஒரு மேசை, ஒரு அலமாரி அளவு இடத்தில். அப்பச்சி அந்த வாசலில் நின்று, "ஐயா இதைச் சொன்னதே இல்லையே" என்றார். வட்டிக்குக் கடன்பட்டு நிலத்தை இழந்தவர்களின் கதையும் அதே பெட்டியடியில்தான் எழுதப்பட்டது. அதையும் மறக்காமல் பார்ப்பதுதான் நியாயம்.

அதே தெருவில் நகரத்தார் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகன் இங்கிருந்துதான் வெள்ளி ரதத்தில் புறப்படுவார்.

இரண்டாம் நாள்: ஒரே தெருவில் நான்கு சாமி

காலை ஏழரைக்கே கிளம்புங்கள். பத்தரைக்கு மேல் வெயில் சுடும்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவில் மேலிருந்து கீழே நடந்தால் போதும். முதலில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818. சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், பத்திப் புகை தெருவரை வரும். அதன் பின்பக்கத் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. அப்புறம் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதை நிறுவியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர். 'கப்பித்தான்' அவருடைய பதவிப் பெயர். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் உள்ளே விடுவார்கள், உடம்பை மூட அங்கியும் தருவார்கள். அரைக்கால் சட்டையோடு போய் விவாதம் செய்யாதீர்கள்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா. பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள், கரை சேர்ந்த இடத்தில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு நினைவிடம் கட்டிவிட்டார்கள். முருகனையும் நாகூரையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்த ஊர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து கூ கோங்சி. பினாங்கில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைச் சொல்வேன். கூ என்ற குடும்பப் பெயர் கொண்ட, சீனத்து ஃபூஜியன் மாகாணத்தின் ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்களின் குலக்கோயில். முன்பிருந்த கட்டடம் 1901-இல் எரிந்துபோனது. அரசனின் மாளிகைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வக் கோபம் என்று பேச்சு. அடக்கமாகக் கட்டுவோம் என்று 1906-இல் முடித்ததுதான் இப்போது இருப்பது. இதுவே அடக்கம் என்றால் பழையது எப்படி இருந்திருக்கும்!

நமக்கு இந்த இடம் சட்டென்று புரியும். ஊரை விட்டு வந்தவர்கள், ஒரே குலம், ஒரு கோயில், உள்ளேயே பெண் கொடுத்து எடுப்பதில்லை, கஷ்டப்பட்டவனுக்குக் குலம் கைகொடுக்கும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்களைக் குலமாகக் கொண்ட நகரத்தார் வழக்கம் தெரிந்தவர்களுக்கு வழிகாட்டி எதற்கு? ஆத்தா அங்கே இருந்த மூதாதையர் பெயர்ப் பலகைகளைப் பார்த்துவிட்டு, "இவங்களும் புள்ளி வச்சிருக்காங்க" என்றார். கோயில் கணக்கில் ஒரு குடும்பத்தை ஒரு புள்ளி என்பது எங்கள் வழக்கம்.

மத்தியானம் அறைக்கு வந்து உறங்குங்கள். எழுந்ததும் பெரனாக்கன் மாளிகை. மலாய் மண்ணில் வேர்விட்ட சீனக் குடும்பங்களின் வாழ்க்கை: சீன மரச் செதுக்கல், இங்கிலாந்துத் தரை ஓடு, ஐரோப்பியக் கண்ணாடி, மணிவேலைச் செருப்பு. கானாடுகாத்தானில் பார்த்ததுதானே என்று தோன்றும். அதே காலம், அதே கப்பல்கள், அதே பகட்டு. அவுரி நீலத்தில் இருக்கும் சியோங் ஃபாட் சே மாளிகையையும் பார்க்கலாம், ஆனால் ஒரே நாளில் இரண்டு மாளிகை திகட்டும். இருட்டும்முன் சியூ படகுத்துறைக்குப் போய்விடுங்கள். கடல்மேல் கால்நட்டு வீடு கட்டி ஒரே குலத்தார் வாழும் தெரு அது. குடியிருக்கும் வீடுகள், சன்னலுக்குள் போனை நீட்டாதீர்கள். சுவரோவியங்கள்? போகிற வழியில் தென்பட்டால் பாருங்கள். வரிசையில் நின்று படம் எடுக்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாம் நாள்: தண்ணீர்மலை

காலையில் முதல் வேலையாக தண்ணீர்மலை. அருவிச் சாலையில் 1857-இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் தண்டாயுதபாணி. மரத்தூண் தாங்கும் அகன்ற கூடத்தில் போய் உட்கார்ந்தால் செருப்பை எங்கே விட்டோம் என்பதே மறந்துவிடும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதாக இருந்தால் எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள்.

தைப்பூசத்தில் இந்தச் சாலை முழுக்க மனிதத் தலைதான். 1894-இல் நம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு ஊர்ந்து ஊர்ந்து வரும். வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள், உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களிடம் ஒரு வருடம் அதை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் நடக்காதவர்கள் அந்த வாரத்துக்குத் திட்டமிடலாம். அறையை ஆறு மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

அப்புறம் பினாங்கு மலையா, கெக் லோக் சி என்ற சீனப் புத்தர் கோயிலா? இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம்தான். மலைக்கு 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. மேலே குளிர்ந்த காற்று, முருகன் கோயில், பக்கத்திலேயே பள்ளிவாசல். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், விடுமுறை நாளில் வரிசை நீளம். கெக் லோக் சியில் 1930-இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரம் ஒன்று உண்டு: அடி சீன பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா. மூன்று நாட்டுக் கொத்தனார்களும் சண்டை போடாமல் கட்டியிருக்கிறார்கள். நான் இதற்கே ஓட்டுப் போடுவேன்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் பர்மா சந்து. தெருவின் ஒரு பக்கம் 1803-இல் தொடங்கிய பர்மியப் புத்தர் கோயில், எதிரே தாய்லாந்துக்காரர்களின் பள்ளிகொண்ட புத்தர். பர்மா என்றதும் நம் வீட்டுத் தூண்கள் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

சாப்பாடு

பினாங்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடத்தான் வருகிறார்கள். முதலில் நாசி கண்டார். 'கண்டார்' என்பது தோளில் தூக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகக் காவடி தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் விற்ற சோறு இன்று அந்த ஊரின் அடையாளம். நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். 'பஞ்சிர்' என்று சொன்னால் வெள்ளமாக ஊற்றுவார்கள். கோழியோடு சாப்பிட்டால் பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் முடியும். பெரிய இறால், மீன் முட்டை எடுத்தால் விலை எகிறும், தட்டில் விழும்முன் கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சிக் குழம்பும் அதே வரிசையில் இருக்கும்.

ஒரு கடையில் குழம்பு ஊற்றியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருண்ணே?" என்றார்.

"காரைக்குடி."

"நமக்கு ராமநாதபுரம் பக்கம். பசியாறிட்டுத்தான் வந்தீங்களா, இல்ல நல்லா ஊத்தவா?"

பசியாறுவது என்ற சொல்லை அங்கே எல்லாத் தமிழர் வாயிலும் கேட்கலாம். நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதைத் தவிர வேறெங்கும் அதைக் கேட்டு நாளாயிற்று.

செண்டோலைத் தவறவிடாதீர்கள். அரிசி மாவில் பச்சையாகப் பிழிந்த இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சீவிய ஐஸ். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றித் தின்னும் நாக்குக்கு இது சொந்தக்காரன்தான். அசாம் லக்சா புளி போட்ட மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ். முதல் வாய் விநோதம், மூன்றாவது வாயில் பழகிவிடும். சீனக் கடைகளில் கிடைக்கும் சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், வேண்டாதவர்கள் முஸ்லிம் கடையில் வாங்குங்கள்.

சைவக்காரர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 'காய்கறிதான்' என்று சொல்லித் தரும் கீரைப் பொரியலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களும் சீனச் சைவக் கடைகளும்தான் பயமில்லாதவை. டீயில் கெட்டிப்பால் போட்டு இனிப்பாக அடிப்பார்கள். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். சர்க்கரை நோய்க்காரரான அப்பச்சி கற்றுக்கொண்ட ஒரே மலாய் வாக்கியம் அதுதான்.

கடைசி நாள்

காலையில் சௌராஸ்தா சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஜாதிக்காய் ஊறலும் ஜாதிக்காய்த் தைலமும் பினாங்குச் சரக்கு. தாம்புன் பிஸ்கட் வாங்குகிறவர்கள் சைவக் கொழுப்பில் செய்ததா என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். டுரியான் பழத்தைத் தெருவில் நின்று தின்னலாம், விடுதிக்குள் கொண்டுவரக் கூடாது, விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். அறையைக் காலி செய்யும்முன் பெட்டியை ஒரு தடவை எடை பாருங்கள். நாங்கள் பார்த்தோம். முறுக்கு போன இடத்தில் ஆத்தா ஆறு பாட்டில் தைலத்தை அடுக்கி வைத்திருந்தார்.